முன்கூட்டியே எழுதிய வரி

கெட்ட மேலதிகாரியை எனக்குச் சமாளிக்கத் தெரியும். கத்துகிறவர் முன்னால் காதை மூடிக்கொள்ளலாம், மனசுக்குள் திட்டலாம், சாயங்காலம் பஸ்ஸில் தோழியிடம் அவரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்கலாம். நல்லவர்களைத்தான் நான் நம்பியதில்லை. ஒரு மேலதிகாரி சிரித்துப் பேசினால் எதையோ பிடுங்கத்தான் சிரிக்கிறார் என்பது என் முடிவு. இது புத்தகத்தில் படித்தது இல்லை. என் அம்மா இருபத்தோரு வருஷம் சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான் வைத்தாள். நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை போக ஒரே ஒரு மர டோக்கன். அது மேற்பார்வையாளரின் மேஜைமேல் இருக்கும். எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரும்வரை அவர் கண் கடிகாரத்திலேயே இருக்கும். அதே ஆள்தான் தினமும் காலையில் வாசலில் நின்று, “வாங்கம்மா, வாங்கம்மா” என்று பல்லெல்லாம் தெரிய வரவேற்பார். தண்ணீர் குடிக்கவே பயந்து பயந்து அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்ததுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. நுண்ணுயிரியல். அப்பா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் கோணலாக மாட்டிவைத்திருக்கிறார். நேராக்கினால் ஆணி விழுந்துவிடுமாம்.

அந்தப் பட்டத்தோடு நான் சேர்ந்த இடம் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். அறுவை சிகிச்சை முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் லிப்டில் எங்களிடம் இறங்கி வரும். ஓர் அறையில் கழுவுவோம். அடுத்த அறையில் துடைத்து, எண்ணி, செட் செட்டாகத் துணியில் கட்டுவோம். சுவரோடு பதித்த ஆளுயர ஆட்டோகிளேவுக்குள் வைத்து நீராவியில் அவிப்போம். மறுபக்கக் கதவு வழியே வெளியே எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டால், வழங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் பதிவேட்டைப் பார்த்து மேலே தியேட்டர்களுக்கு அனுப்புவார். அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர். மேலே இருக்கும் டாக்டர்களுக்கு எங்கள் முகம் தெரியாது. அவர்கள் கைக்குப் போகிற ஒவ்வொரு கத்தியும் எங்கள் கையைத் தாண்டித்தான் போகிறது.

இதில் என் பங்கு, குப்பி. சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி, உள்ளே லேசில் சாகாத கிருமி. செட்டுகளோடு சேர்த்து அதையும் அவித்துவிட்டு, இன்குபேட்டரில் இருபத்து நான்கு மணி நேரம் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கிருமி செத்திருந்தால் குப்பி ஊதாவாகவே இருக்கும். பிழைத்திருந்தால் மஞ்சளாகிவிடும். மஞ்சள் என்றால் இயந்திரம் சரியாக அவிக்கவில்லை என்று பொருள். இயந்திரத்தை ஒரு தடவை ஓட்டினால் அது ஓர் ஓட்டம்; அந்த ஓட்டத்தில் இருந்த எதையும் ஒரு மனித உடம்புக்குள் விடக் கூடாது. சேர்ந்து இருபது மாதம்வரை நான் ஒரு மஞ்சளைக்கூடப் பார்த்ததில்லை.

முதல் ஒரு வருஷம் எங்களுக்கு இன்சார்ஜாக இருந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். ஓர் இடுக்கி குறைகிறது என்று தானாகப் போய்ச் சொன்ன பெண்ணை, “நீதான் தொலைச்சே” என்று அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் அறையில் எதுவுமே தொலையவில்லை. குறைந்தால் பக்கத்து செட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவோம். பக்கத்து செட்டுக்கு அதற்குப் பக்கத்து செட். பதிவேட்டில் காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்குச் சாமி வந்துவிடும். பொய்யாக நிரம்பிய கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதனால் எல்லாரும் கட்டங்களை முன்கூட்டியே நிரப்பக் கற்றுக்கொண்டோம். கழுவும் அறையில் ஆவி அண்ணன் என்று ஒருவர், எந்நேரமும் நீராவிக்குள் நிற்பதால் அந்தப் பெயர். தண்ணீரின் சூட்டை மணிக்கொரு தரம் அளந்து எழுத வேண்டியது அவர் வேலை. காலையில் வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார்.

சுத்தியல் மாற்றலாகிப் போனதும் புது இன்சார்ஜாக ஓர் அம்மா வந்தார். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். தியேட்டரில் நர்ஸாக இருந்து கீழே இறங்கி வந்தவர். முதல் நாளே எல்லாரையும் நீங்க, வாங்க என்றார். ஆவி அண்ணனைக்கூட. அவர் பின்னால் திரும்பி, வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். நான் அன்றே அவருக்கு சர்க்கரை டப்பா என்று பெயர் வைத்தேன். கத்தரிகளைத் துடைத்துக் கட்டுகிற கத்தரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னை அவள் கூப்பிடுவது டிகிரி என்று. “டிகிரி, உன் வாய்க்குப் பூட்டு போட்டா சாவி எங்க வைக்கிறதுன்னு தெரியலடி” என்பாள்.

அந்த அம்மா, கழுவுகிற வேலையில் எது ரொம்பக் கஷ்டம் என்று ஆவி அண்ணனிடம் கேட்டார். அவர் ஒரு வாரம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள், தொட்டி தாழ்வாக இருக்கிறது, குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது என்று முனகினார். மறுநாளே தொட்டிக்குக் கீழே கட்டைகள் வந்தன. ஆனால் உயரத்தை அந்த அம்மா தன் இடுப்பை வைத்து அளந்திருந்தார். ஆவி அண்ணன் அவர் தோளுக்குத்தான் வருவார். இப்போது அவர் கையைத் தூக்கிக்கொண்டு, அலமாரியில் எதையோ தேடுகிறவரைப் போலக் கழுவினார். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவே ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். “அய்யோ, இது என் தப்பு. நிக்கப்போறது நீங்க, நான் என்னை அளந்திருக்கேன்” என்றார். அன்று மதியமே கட்டையை அறுத்துத் தொட்டியை இறக்கினார்கள்.

நடிப்பு என்று நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு என்னிடம் வந்தார். குப்பியின் முடிவை நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்சார்ஜும் பார்த்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். சுத்தியல் குப்பியைப் பார்க்காமலே வாரக் கடைசியில் மொத்தமாகப் போடுவார். அந்த அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, பார்க்காமல் போடுகிற கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். குப்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி தனக்குத் தெரியாது, இனி என் ஒரு கையெழுத்துப் போதும் என்றார்.

வீட்டில் சொன்னபோது அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “பார்த்து இருடி. இவ்ளோ நம்பறாங்கன்னா ஏதோ இருக்கு” என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது. என் கையெழுத்து ஒன்றுக்கே ஒரு ஓட்டம் வெளியே போகிறது என்பதில் ஒரு திமிரும் வந்தது. திமிர் வந்தால் அலட்சியம் சும்மா இருக்குமா? ஓட்டத்தின் எண், சூடு, நேரம் எல்லாவற்றையும் எழுதும்போதே, மறுநாள் எழுத வேண்டிய கடைசிக் கட்டத்தையும் சேர்த்து எழுத ஆரம்பித்தேன். ‘24 மணி: மாற்றம் இல்லை.’ கீழே என் கையெழுத்து. மறுநாள் குப்பியை எடுத்துப் பார்ப்பேன், ஊதாவாக இருக்கும், போட்டுவிடுவேன். ஏழு மாதமாக இப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் இரண்டு ஆட்டோகிளேவ்களில் ஒன்றின் கதவு ரப்பரை மாற்றினார்கள். ரிப்பேர் ஆன பிறகு ஓட்டும் முதல் ஓட்டம் என்றால், குப்பியின் முடிவு தெரியாமல் ஒரு செட்கூட வெளியே போகக் கூடாது. அதுவரை பக்கத்து இயந்திரத்தில் வேலை நடக்கும். மதியம் எட்டு செட்டுகளோடு ஓட்டினோம். ஒரு மணிக்குக் குப்பியை இன்குபேட்டரில் வைத்தேன். பதிவேட்டை எடுத்தேன். கை தன் போக்கில் கடைசிக் கட்டம்வரை போய் நின்றது.

வெள்ளிக்கிழமை என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகத்தில் பேசப்போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அன்று இரண்டு முறை என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்குபேட்டரைத் திறந்தேன். குப்பி மஞ்சள்.

மேலே ஒட்டிய எண்ணைப் பார்த்தேன். செவ்வாய் ஓட்டம்தான். விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நல்ல மஞ்சள், சந்தேகமே இல்லை. அலமாரிக்கு ஓடினேன். எட்டு செட்டும் இல்லை. ஜன்னல்காரர் நிதானமாக, மதிய ஆபரேஷன்களுக்குப் பதினோரு மணிக்கே மேலே போய்விட்டது, பதிவேட்டில் உன் கையெழுத்து இருந்ததே என்றார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. கையெழுத்து இருந்தது.

திரும்பி வந்து இன்குபேட்டர் முன்னால் நின்றேன். குப்பி என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. காலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட குப்பைத்தொட்டி, மிதித்தால் திறக்கும். உள்ளே போட்டுவிட்டால் முடிந்தது. பதிவேடு சரியாக இருக்கிறது. கையெழுத்து சரியாக இருக்கிறது. ஒருவேளை செட்டுகள் சுத்தமாகவே இருக்கலாம், குப்பி மட்டும் கெட்டிருக்கலாம். இந்த ‘ஒருவேளை’க்குள் எத்தனை பேர் செத்துப்போவார்கள் என்றுதான் மூன்று வருஷம் கல்லூரியில் படித்தேன். படித்தது எல்லாம் ஞாபகம் வந்தது. அம்மா முகமும் வந்தது. என் கால், தொட்டியின் மிதிமேல் இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்சார்ஜ் மேடமும் கத்தரி அக்காவும் ஒரு கத்தரியை வெளிச்சத்தில் பிடித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் சிரித்தார். எனக்கு வீரமெல்லாம் வரவில்லை. நாளைக்கு இந்த முகத்துக்கு நேரே நின்று சாதாரணமாகப் பேச முடியாது என்று மட்டும் தெரிந்தது. காலை எடுத்தேன். போனேன்.

“மேடம், குப்பி மஞ்சளாயிடுச்சு. நேத்து ஓட்டினது.” குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. “நான் நேத்தே மாற்றம் இல்லைன்னு எழுதிட்டேன். எட்டு செட்டும் மேல போயிடுச்சு.”

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஏன்னு அப்புறம் பேசிக்கலாம். எந்தெந்த எண்?”

சொன்னேன். அக்கா எழுதினாள். மேடம் தியேட்டர்களுக்குப் போன் செய்து, அந்த எண்கள் உள்ள எதையும் பிரிக்காதீர்கள் என்றார். ஆவி அண்ணன் கையைத் துடைக்கக்கூட நிற்காமல் தள்ளுவண்டியோடு ஓடினார். ஏழு செட்டுகள் பிரிக்காமல் கிடைத்தன. எட்டாவதை இரண்டாம் தியேட்டரில் பிரித்து மேஜையில் பரப்பியாயிற்று. நோயாளிக்கு மயக்கம் கொடுத்தாயிற்று. டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கிறார்.

மேடம் லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. நாலு மாடி. நான் பின்னாலேயே ஓடினேன், கூப்பிடாமலே. தியேட்டர் வாசலில் மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் ஈரக்கையைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினார். மயக்கத்தில் ஓர் ஆள் படுத்திருக்கிறாள், இப்போது வந்து சொல்கிறீர்களா, கீழே உட்கார்ந்து என்ன புடுங்குகிறீர்கள் என்றார். மேடம் அவர் முடிக்கும்வரை நின்றார்.

“அந்தக் கருவியெல்லாம் சுத்தமான்னு எனக்குத் தெரியல டாக்டர். தெரியலைன்னு சொல்லத்தான் ஓடி வந்தோம். வேற செட் வந்துட்டிருக்கு, அஞ்சு நிமிஷம்.”

“யார் பண்ணினது இது?”

“எங்க துறை.”

“ஆள் யாருன்னு கேட்டேன்.”

மேடம் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் தடுக்கவும் இல்லை. நான்தான் என்றேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்சிருக்கியா நீ?”

இந்தக் கேள்வியை என் வாழ்நாள் முழுக்க யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் நான் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன். ஆவி அண்ணன் மூச்சிரைக்க வேறு செட்டோடு வந்து நின்றார். வெளியே வந்தோம்.

அன்று முழுவதும் திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டு செட்டுகளையும் பிரித்து, திரும்பக் கழுவி, பக்கத்து இயந்திரத்தில் அவித்தோம். மெக்கானிக் வந்து பார்த்து, புது ரப்பர் ஒரு மூலையில் மடங்கியிருந்ததாகச் சொன்னார். குப்பி பொய் சொல்லவில்லை. மேலே அந்த நோயாளிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சாயங்காலம் தெரிந்தது. அப்போதுதான், ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. கத்தரி அக்கா என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகும் மேடம் கட்டும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். போய் நின்று, என்னை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். எழுதிய காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் செய்தது அப்படியே இருந்தது. நாள், மணி, குப்பியைப் பார்க்காமல் எழுதியது, ஏழு மாதமாக அப்படிச் செய்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவும் இல்லை.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப வெள்ளிக்கிழமை எனக்கு இல்ல. தானா வந்து சொன்னவளுக்கு இதுதானா?”

“அடுத்த பக்கம் படிங்க.”

அடுத்த பக்கத்தில், நான் தானாக வந்து சொன்னது இருந்தது, எத்தனை மணிக்கு என்பதோடு. அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டாவது கையெழுத்தை எடுத்தது தான் என்று எழுதியிருந்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கும் ஏற்பாட்டை, வேறு ஏற்பாடு செய்யாமல் நிறுத்தியது தன் தவறு என்று.

“இதை ஏன் எழுதறீங்க? யாருக்குமே தெரியாதே.”

“நடந்தது அதுதானே. பார்க்காம போட்ட கையெழுத்து வேண்டாம்னு நெனச்சேன், சரி. பார்த்துப் போடறதுக்கு ஒரு ஆளை வெச்சிருக்கணும்ல? உங்களைத் தனியா விட்டுட்டேன். அதுக்குப் பேரு நம்பிக்கைன்னு வேற நெனச்சுக்கிட்டேன்.”

மேலே டாக்டர் முன்னால் நின்றபோது பயமாக இல்லையா என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று.

“பயமா? காலு ரெண்டும் தந்தி அடிச்சுது. அந்த மேலங்கி தரை வரைக்கும் இருந்ததால தப்பிச்சேன். வெளிய வந்து பாத்ரூம்ல வாந்தி எடுத்தேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுதுவதைத் தொடர்ந்தார். அழுது முடிக்கும்வரை என் பக்கம் பார்க்கவில்லை. அதற்கு இன்னமும் நான் நன்றி சொல்லவில்லை.

முடித்த பிறகு, இப்படி வேறு யாரெல்லாம் முன்கூட்டியே எழுதுகிறார்கள் என்று கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. ஆக, இதற்குத்தான் இவ்வளவுமா? சொல்ல மாட்டேன் என்றேன். அவர் காகிதங்களை அடுக்கினார். “சரி. அதை உங்ககிட்ட கேட்டிருக்கக் கூடாது” என்று பேனாவை மூடினார்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார். நடந்ததைச் சொன்னார், என் பங்கையும் தன் பங்கையும். பிறகு, தினமும் தான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய மருந்துக் குளிர்பெட்டியின் சூட்டுத் தாளை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் விரித்தார். அன்று வியாழக்கிழமை. தாளில் ஞாயிறு வரைக்கும் அவர் கையெழுத்து இருந்தது.

“சனி ஞாயிறு நான் லீவு. அதான் இப்பவே போட்டுட்டேன்” என்று சொல்லி, நாலு கட்டத்தையும் குறுக்கே அடித்தார். காது வரைக்கும் சிவந்திருந்தார். “யாரு எதை எழுதினீங்கன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். நடக்காததை எழுதியிருந்தா அடிச்சிடுங்க. காலியாக் கிடக்கட்டும். காலிக் கட்டத்துக்கு இங்க யாரும் திட்டு வாங்க மாட்டாங்க.”

பிறகு ஆவி அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மேடம், எனக்கு அடிக்க ஒரு பேனா பத்தாது” என்றார். சிரிப்பில் மேஜையே ஆடியது. ஜன்னல்காரரும் தலையைச் சொறிந்துகொண்டு தன் பதிவேட்டை எடுக்கப் போனார்.

கத்தரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு மேடம் பக்கத்தில் போய் நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

“எனக்குக் கண்ணு தெரியல மேடம்.” அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்து நான் கேட்டதில்லை. “ரெண்டு வருஷமா. கத்தரி முனை சேருதா இல்லையான்னு விரலாலதான் பார்க்கறேன். சொன்னா அனுப்பிடுவாங்கன்னு...”

அவள் விரல்நுனிகளை அப்போதுதான் பார்த்தேன். பொடிப் பொடியாகக் கீறல்கள். இருபது மாதம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எல்லாரையும் எடைபோட்டுக்கொண்டு. மேடம் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று மதியமே மேலே கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். நாலு நாளில் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த முதல் பார்வையில், “டிகிரி, உனக்கு மூக்குல மச்சம் இருக்காடி?” என்றாள்.

ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. நிர்வாகியின் அறையில் நீள மேஜை. என்னையும் மேடத்தையும் கூப்பிட்டார்கள். மேடம் எழுதிய அறிக்கை நிர்வாகியின் முன்னால் இருந்தது. இப்படி ஒரு ஆளை வேலையில் வைத்திருக்க முடியாது, இதில் பேச என்ன இருக்கிறது என்று நிர்வாகி ஆரம்பித்தார். மேடம், தவறு நடந்தது உண்மை, தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்றுதான் கேட்கிறேன் என்றார். அனுப்பினால் கீழே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே பாடத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள் என்றார். நிர்வாகி சலித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தானே வந்து சொன்னாய் என்று கேட்டார்.

“மாட்டியிருக்க மாட்டேன் சார்” என்றேன். “குப்பி என் கையில இருந்துச்சு. குப்பைத்தொட்டி காலடியில. கால் மிதிமேலயே இருந்துச்சு. பதிவேட்டுல எல்லாம் சரியா இருந்துச்சு. பழைய சார் இருந்திருந்தா போட்டிருப்பேன். சத்தியமாப் போட்டிருப்பேன். மேல அந்த செட்டாலதான் ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். குப்பைத்தொட்டி பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“இவங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு சார். அதுக்கு முன்னாடி எனக்கு யார்கிட்டயும் அப்படித் தோணினதில்ல.”

நிர்வாகி வெகுநேரம் அறிக்கையைப் புரட்டினார். கடைசியில் என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அதற்குள் இன்னொரு தவறு நடந்தால் அன்றே வெளியே. மேடத்துக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அது அவர் பணிக்கோப்பில் போகும். படியிறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு முன், சாப்பிட்டீங்களா என்றார். இல்லை என்றேன். அவரும் இல்லையாம். கீழே போய் என் டப்பாவைத் திறந்து இருவரும் சாப்பிட்டோம். என் அம்மா உப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாள் என்று எச்சரித்தேன். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஆறு மாதம் என்றதும் அப்பா தலையில் கை வைத்தார். அம்மா முழுக்கதையையும் கேட்டாள். எச்சரிக்கைக் கடிதம் அந்த அம்மாவுக்குமா, உண்மையாகவே அவங்களுக்குமா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய், வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

இப்போது குப்பியின் முடிவை எழுதும் தாள் பதிவேட்டில் இல்லை. இன்குபேட்டரின் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அங்கே போய் நின்றுதான் எழுத முடியும். இரண்டாவது கையெழுத்து இன்சார்ஜுடையது இல்லை, அந்த நேரத்தில் யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவருடையது. இது ஆவி அண்ணன் சொன்ன யோசனை. பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் யாரும் யோசனை கேட்டதில்லையாம். கேட்டதும் பயந்துவிட்டாராம்.

நேற்று அவர் முறை. கழுவும் அறையிலிருந்து முன்கையெல்லாம் ஊறிப்போய் வந்தார். தாளில் ஈரம் படக் கூடாது என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்குபேட்டரின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

“ஊதாதானே பாப்பா இது?”

“ஊதாதான் அண்ணே.”

நான் பேனாவை எடுத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “இரு இரு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கே.”

இருந்தது. பேனாவை மூடினேன். இருவரும் இன்குபேட்டர் முன்னால் நின்றோம். ஆறு மாசம் முடிய எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார், இன்னும் நாலரை மாதம் என்றேன். ஆகிடும் என்றார். தெரியாது அண்ணே என்றேன். நாலு நிமிஷம் என்பது நின்று பார்த்தால் எவ்வளவு நீளம் என்று அவர் ஆச்சரியப்பட்டார். நேரம் ஆனதும் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் காய்ந்த கையால் பேனாவை வாங்கிக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டு ஒரு முறை சரிபார்த்துக்கொண்டார்.